அளவு, அலகு, இயக்கம்: முதல் வரியிலிருந்தே அலகோடு கணக்குப் போடும் முறை

மேசையின் நீளம் 1.2 மீட்டர் என்று எழுதினால் அதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. மீட்டர் என்று உலகம் ஒத்துக்கொண்ட ஒரு நீளம் இருக்கிறது. இந்த மேசை அதைப்போல 1.2 மடங்கு. அதே மேசையை 120 செ.மீ என்றும் 1200 மி.மீ என்றும் எழுதலாம். மேசை மாறவில்லை, ஒப்பிடும் அளவு மாறியதால் எண் மாறியது. வெறும் 120 என்று எழுதி வைத்தால் அது மேசையா, தெருவா, மணிக்கணக்கா என்று யாருக்கும் தெரியாது.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு பழக்கத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறது. கணக்கு முடிந்த பிறகு கடைசி வரியில் அலகை ஒட்டவைக்காதீர்கள். முதல் வரியிலேயே எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். எண்களைப் பெருக்கி வகுப்பதுபோலவே அலகுகளையும் பெருக்குங்கள், வகுங்கள், மேலும் கீழும் இருப்பதை அடித்து நீக்குங்கள். கடைசியில் தொலைவுக்கு மீட்டர் வர வேண்டிய இடத்தில் வேறு ஏதாவது வந்து நின்றால், எங்கோ தப்பு நடந்துவிட்டது என்று விடைத்தாளே உங்களுக்குச் சொல்லிவிடும்.

அடிப்படை அலகுகளும் வழி அலகுகளும்

பன்னாட்டு அலகு முறைக்கு அந்தப் பெயர் 1960-இல் சூட்டப்பட்டது. அப்போது அடிப்படை அலகுகள் ஆறு. 1971-இல் மோல் சேர்ந்து ஏழானது. நீளத்துக்கு மீட்டர், நிறைக்கு கிலோகிராம், காலத்துக்கு வினாடி, மின்னோட்டத்துக்கு ஆம்பியர், வெப்பநிலைக்கு கெல்வின், பொருளின் அளவுக்கு மோல், ஒளிச்செறிவுக்கு கேண்டிலா.

இந்த அலகுகள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்பது சுவையான விஷயம். 1889 முதல் ஒரு கிலோகிராம் என்பது பாரிஸ் அருகே செவ்ரில் பூட்டி வைக்கப்பட்ட பிளாட்டினம்–இரிடியம் உருளை ஒன்றின் நிறை. அந்த உருளையின் நிறை கொஞ்சம் மாறினால்கூட உலகத்தின் கிலோகிராமே மாறிப்போகும் என்ற நிலை. 2019 மே 20 முதல் அந்தப் பிடிமானம் விடப்பட்டு, கிலோகிராம் பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையில் எங்கும் மாறாத ஓர் அளவின் மதிப்பிலிருந்து வரையறுக்கப்படுகிறது. மீட்டர் அதற்கு முன்பே, 1983-இல், ஒளியோடு கட்டப்பட்டுவிட்டது: வெற்றிடத்தில் ஒளி ஒரு வினாடியில் 29,97,92,458 மீட்டர் போகும், ஒரு வினாடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் அது போகும் தொலைவுதான் ஒரு மீட்டர்.

மற்ற அலகுகள் எல்லாம் இவற்றைப் பெருக்கியோ வகுத்தோ கிடைப்பவை. மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, சூத்திரத்திலேயே அலகு இருக்கிறது. திசைவேகம் என்பது இடப்பெயர்ச்சி (தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம்வரை நேர்கோட்டுத் தொலைவு, திசையோடு) ÷ காலம், அதனால் மீ/வி. முடுக்கம் என்பது திசைவேக மாற்றம் ÷ காலம். மீ/வி-ஐ மறுபடி வினாடியால் வகுத்தால் மீ/வி². இந்த "வினாடி வர்க்கம்" பலரைக் குழப்புகிறது. வினாடியை வினாடியால் பெருக்கிய விந்தையான ஒன்று அங்கே இல்லை. 2 மீ/வி² என்றால் ஒவ்வொரு வினாடியும் திசைவேகம் 2 மீ/வி கூடுகிறது என்று படியுங்கள், குழப்பம் தீர்ந்துவிடும். விசை என்பது நிறை × முடுக்கம், ஆகவே கி.கி மீ/வி². இதற்குத்தான் நியூட்டன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அலகு மாற்றம்: ஒன்றால் பெருக்குவது

1 கி.மீ-உம் 1000 மீட்டரும் ஒரே நீளம். ஆகவே 1000 மீ ÷ 1 கி.மீ என்ற பின்னத்தின் மதிப்பு 1. எதையும் ஒன்றால் பெருக்கினால் அதன் மதிப்பு மாறாது. அலகு மாற்றத்தின் முழுத் தந்திரமும் இதுதான். மணிக்கு 72 கி.மீ வேகத்தை மாற்றிப் பார்ப்போம்:

72 கி.மீ/மணி × (1000 மீ / 1 கி.மீ) × (1 மணி / 3600 வி) = 20 மீ/வி

கி.மீ மேலும் கீழும் அடிபடுகிறது, மணியும் அடிபடுகிறது, மீ/வி மட்டும் மிஞ்சுகிறது. 1000-ஐ 3600-ஆல் வகுத்தால் 5/18. பள்ளியில் சொல்லித்தரும் "5/18-ஆல் பெருக்கு" இங்கிருந்துதான் வருகிறது. 5/18-ஆ 18/5-ஆ என்று தேர்வு மண்டபத்தில் தடுமாறினால், பின்னங்களை மேலே உள்ளபடி எழுதிப் பாருங்கள். தலைகீழாக எழுதிவிட்டால் மணி வர்க்கம், கி.மீ வர்க்கம் என்று ஏதாவது அடிபடாமல் நிற்கும், அதுவே எச்சரிக்கை.

பரப்பிலும் பருமனிலும் ஒரு குழி இருக்கிறது. 1 மீ என்பது 100 செ.மீ, ஆனால் 1 மீ² என்பது 100 செ.மீ² அல்ல, 100 × 100 = 10,000 செ.மீ². 1 மீ³ என்பது 10,00,000 செ.மீ³, அதாவது 1000 லிட்டர். மாடியில் இருக்கும் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டால் இது மறக்காது. நீரின் அடர்த்தி 1 கி/செ.மீ³ என்பதும் 1000 கி.கி/மீ³ என்பதும் ஒன்றே. அந்தத் தொட்டி நிரம்பினால் நீர் மட்டும் ஒரு டன்.

அலகை எழுதாமல் விட்டதற்கு என்ன விலை என்பதற்கு 1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்ததைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் மாண்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் புறப்பட வேண்டும். தேவைப்பட்ட எரிபொருள் 22,300 கி.கி. எரிபொருள் காட்டும் கருவி பழுது என்பதால் தொட்டியில் நேரடியாக அளந்தார்கள்: 7,682 லிட்டர் இருந்தது. லிட்டரை நிறையாக்க 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள். 7,682 × 1.77 = 13,597. இன்னும் 8,703 வேண்டும் என்று கணக்கிட்டு, அதை 1.77-ஆல் வகுத்து 4,917 லிட்டர் ஊற்றினார்கள்.

அந்த 1.77-க்கு அலகு இருந்தது: லிட்டருக்கு 1.77 பவுண்டு. கிலோகிராமில் வேண்டுமென்றால் எடுக்க வேண்டிய எண் 0.803 கி.கி/லிட்டர். நாமே இப்போது சரியாகப் போட்டுப் பார்க்கலாம்:

7,682 லிட்டர் × 0.803 கி.கி/லிட்டர் = 6,169 கி.கி (இருப்பு)
22,300 கி.கி − 6,169 கி.கி = 16,131 கி.கி (தேவை)
16,131 கி.கி ÷ 0.803 கி.கி/லிட்டர் = சுமார் 20,090 லிட்டர்

ஊற்ற வேண்டியது 20,090 லிட்டர், ஊற்றியது 4,917. விமானம் 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கி, இரண்டு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. விமானிகள் அதைச் சறுக்கியே கொண்டுவந்து கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார்கள், யாரும் உயிரிழக்கவில்லை. பெருக்கல், கழித்தல், வகுத்தல் எல்லாம் சரியாகவே செய்யப்பட்டிருந்தன என்பதைக் கவனியுங்கள். "13,597" என்ற எண்ணுக்குப் பக்கத்தில் "பவுண்டு" என்று எழுதியிருந்தால், அதை 22,300 கிலோகிராமிலிருந்து கழிக்கக் கை வந்திருக்காது. வேறு வேறு அலகுகளைக் கூட்டவோ கழிக்கவோ முடியாது.

இந்தச் சரிபார்ப்புக்கும் ஓர் எல்லை உண்டு. சூத்திரத்தில் இருக்கும் ½ போன்ற எண்ணுக்கு அலகு இல்லை. அதை மறந்துவிட்டால் அலகு சரியாகவே வரும், விடை இரு மடங்காகியிருக்கும். அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அளக்கும் கருவிகள்

சாதாரண அளவுகோலின் மீச்சிற்றளவு, அதாவது அதனால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 1 மி.மீ. அதில் கவனிக்க வேண்டியவை இரண்டே. கண் அளக்கும் புள்ளிக்கு நேர் மேலே இருக்க வேண்டும். சாய்வாகப் பார்த்தால் இடமாறு தோற்றப் பிழை வரும். முனை தேய்ந்த அளவுகோலில் 0-இலிருந்து தொடங்காமல் 1 செ.மீ கோட்டிலிருந்து அளந்து, விடையில் 1 செ.மீ-ஐக் கழியுங்கள்.

வெர்னியர் அளவியில் இரண்டு கோல்கள் உண்டு: நிலையான முதன்மை அளவுகோல், அதை ஒட்டி நகரும் வெர்னியர். முதன்மை அளவுகோலின் ஒரு பிரிவு 1 மி.மீ. வெர்னியரின் 10 பிரிவுகள் முதன்மைக் கோலின் 9 பிரிவுகளுக்குச் சமம். ஆகவே ஒரு வெர்னியர் பிரிவு 0.9 மி.மீ. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.1 மி.மீ, அதாவது 0.01 செ.மீ. இதுதான் மீச்சிற்றளவு.

1. பொருளை வைப்பதற்கு முன் தாடைகளை மூடி, இரண்டு சுழிகளும் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். இந்தப் படியைத் தாண்டிவிட்டால் எடுக்கும் அளவுகள் எல்லாமே ஒரே அளவு தவறாக இருக்கும். சராசரி எடுத்தாலும் சரியாகாது.
2. வெர்னியரின் சுழி முதன்மைக் கோலின் சுழிக்கு வலப்புறம் நின்று, வெர்னியரின் 4-வது பிரிவு முதன்மைக் கோலின் ஒரு கோட்டோடு ஒன்றினால் (நேராகப் பொருந்தினால்) நேர் சுழிப்பிழை: +0.04 செ.மீ. இடப்புறம் நின்று, 7-வது பிரிவு ஒன்றினால் எதிர் சுழிப்பிழை: −(10 − 7) × 0.01 = −0.03 செ.மீ. எதிர்ப் பிழையில் 10-இலிருந்து கழிக்க மறந்து −0.07 என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு.
3. பொருளைத் தாடைகளுக்கு நடுவே மெதுவாகப் பிடியுங்கள். வெர்னியர் சுழிக்கு உடனே இடப்பக்கம் உள்ள முதன்மைக் கோல் பிரிவு 2.3 செ.மீ, ஒன்றும் வெர்னியர் பிரிவு 6 என்றால் அளவு 2.3 + 6 × 0.01 = 2.36 செ.மீ.
4. சுழிப்பிழையை அதன் குறியோடு கழியுங்கள். +0.04 என்றால் 2.36 − 0.04 = 2.32 செ.மீ. −0.03 என்றால் 2.36 − (−0.03) = 2.39 செ.மீ. எந்தப் பிழையானாலும் "கழி" என்று ஒரே விதியாக வைத்துக்கொண்டால் குறி குழம்பாது.

திருகு அளவியிலும் இதே வழிதான், நுட்பம் பத்து மடங்கு. தலையை ஒரு முழுச் சுற்று சுற்றினால் திருகு நகரும் தொலைவு புரியிடைத் தூரம். அது 1 மி.மீ, தலையைச் சுற்றியுள்ள தலைக்கோலில் 100 பிரிவுகள் என்றால் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. கம்பியை வைத்தபோது புரிக்கோல் (முழுச் சுற்றுகளைக் காட்டும் நிலையான கோல்) அளவு 0, தலைக்கோல் ஒன்றிப்பு 86 என்றால் 0.86 மி.மீ, மூடிய நிலையில் 5-வது பிரிவு ஒன்றி, தலைக்கோலின் சுழி கோட்டுக்குக் கீழே நின்றிருந்தால் பிழை +0.05, சரியான விட்டம் 0.81 மி.மீ. தலையை நேரடியாகப் பிடித்து இறுக்கினால் கம்பி நசுங்கும். முனையில் இருக்கும் ராச்செட்டை மட்டும் திருகி, "டிக் டிக்" என்று சத்தம் வந்ததும் நிறுத்துங்கள். ஒரே கம்பியை ஒரே இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையில் அளந்து பாருங்கள். கடையில் வாங்கும் கம்பி எப்போதும் சுத்த வட்டமாக இருப்பதில்லை.

இயக்கம்

சொற்களை முதலில் சரிசெய்துகொள்வோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் திசை இல்லாதது வேகம், திசையோடு கூடியது திசைவேகம், அது மாறும் வீதம் முடுக்கம். இலங்கைப் பாடநூல்களில் இவையே முறையே கதி, வேகம், ஆர்முடுகல். இரண்டு நாட்டு நூல்களையும் மாற்றி மாற்றிப் படிப்பவர்கள் "வேகம்" என்ற சொல்லில் ஏமாறுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே தமிழ்நாட்டு வழக்கைப் பின்பற்றுகிறோம்.

400 மீட்டர் வட்டத் தடத்தில் ஒரு முழுச் சுற்று ஓடி, தொடங்கிய இடத்துக்கே வந்தால் கடந்த தொலைவு 400 மீ, இடப்பெயர்ச்சி சுழி. ஆகவே சராசரித் திசைவேகமும் சுழி, ஓடியவருக்கு மூச்சு வாங்கினாலும்.

சராசரி வேகம் என்பது வேகங்களின் சராசரி அல்ல. மொத்தத் தொலைவு ÷ மொத்தக் காலம். 120 கி.மீ தொலைவுள்ள ஊருக்கு மணிக்கு 60 கி.மீ வேகத்தில் போய் 40 கி.மீ வேகத்தில் திரும்பினால், போக 2 மணி, வர 3 மணி. 240 கி.மீ ÷ 5 மணி = 48 கி.மீ/மணி. 50 என்று எழுதுபவர்கள், மெதுவாகப் போன பகுதியில் அதிக நேரம் கழிந்தது என்பதை விட்டுவிடுகிறார்கள்.

2009-இல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார். சராசரி 100 மீ ÷ 9.58 வி = 10.4 மீ/வி, அதாவது மணிக்குச் சுமார் 37.6 கி.மீ. ஆனால் 60-ஆவது மீட்டருக்கும் 80-ஆவது மீட்டருக்கும் இடையில் அவர் எடுத்தது 1.61 வினாடி, 20 மீ ÷ 1.61 வி = 12.4 மீ/வி. எடுக்கும் இடைவெளி சிறுத்துக்கொண்டே போகப்போக, சராசரி வேகம் அந்தக் கணத்தின் வேகத்தை நெருங்குகிறது. கணநேர வேகம் என்ற கருத்துக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கால்குலேட்டர் 10.438413 என்று காட்டினாலும் எல்லா இலக்கத்தையும் எழுதாதீர்கள், 9.58-இல் மூன்று முக்கிய எண்ணுருக்கள் (அளந்து நம்பக்கூடிய இலக்கங்கள்), விடையும் மூன்றோடு நிற்கட்டும்.

சீரான முடுக்கத்துக்கு மூன்று சமன்பாடுகள்:

இறுதித் திசைவேகம் = தொடக்கத் திசைவேகம் + முடுக்கம் × காலம்
இடப்பெயர்ச்சி = தொடக்கத் திசைவேகம் × காலம் + ½ × முடுக்கம் × காலம்²
இறுதித் திசைவேகம்² = தொடக்கத் திசைவேகம்² + 2 × முடுக்கம் × இடப்பெயர்ச்சி

எதை எடுப்பது என்று திணற வேண்டாம். ஐந்து அளவுகளையும் வரிசையாக எழுதி, தெரிந்தவற்றை அலகோடு நிரப்புங்கள், கேட்டதற்குக் கேள்விக்குறி போடுங்கள். மிஞ்சும் ஒன்று தெரியவும் இல்லை, கேட்கப்படவும் இல்லை. அது எந்தச் சமன்பாட்டில் வரவில்லையோ அதை எடுங்கள். காலம் மிஞ்சினால் மூன்றாவது, இடப்பெயர்ச்சி மிஞ்சினால் முதலாவது, இறுதித் திசைவேகம் மிஞ்சினால் இரண்டாவது.

மணிக்கு 72 கி.மீ வேகத்தில் வரும் பேருந்து 5 மீ/வி² எதிர் முடுக்கத்தோடு பிரேக் பிடிக்கிறது. எவ்வளவு தூரத்தில் நிற்கும்? தொடக்கம் 20 மீ/வி, இறுதி 0, முடுக்கம் −5 மீ/வி², இடப்பெயர்ச்சி கேள்விக்குறி, காலம் மிஞ்சுகிறது. மூன்றாவது சமன்பாடு: 0 = 400 மீ²/வி² − 10 மீ/வி² × இடப்பெயர்ச்சி. வகுத்தால் வி² அடிபட்டு, மீ² மீட்டராகி, 40 மீ. அலகை மாற்றாமல் 72-ஐ அப்படியே வர்க்கப்படுத்தினால் 518 வரும், அரை கிலோமீட்டர் ஓடி நிற்கும் பேருந்து. முடுக்கத்தின் எதிர்க்குறியை விட்டுவிட்டால் −40 வரும், பிரேக் பிடித்ததும் பின்னால் போகும் பேருந்து. விடை வந்ததும் அதைக் கண்ணுக்குமுன் ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது.

இதே பேருந்து மணிக்கு 36 கி.மீ வேகத்தில் வந்திருந்தால் 10 மீட்டரிலேயே நிற்கும். வேகம் பாதியானால் பிரேக் தூரம் கால் பங்கு, திசைவேகம் வர்க்கத்தில் இருப்பதுதான் காரணம். ஓட்டுநர் ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி என்று வைத்தால் 20 மீ/வி-இல் இன்னொரு 20 மீட்டரும் சேர்ந்து 60 மீட்டர். சாலையைக் கடக்கும் எவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய எண் இது.

திசைவேகம்–காலம் வரைபடத்திலும் அலகே வழிகாட்டும். சாய்வு என்பது (மீ/வி) ÷ வி, அதாவது முடுக்கம். பரப்பு என்பது (மீ/வி) × வி, அதாவது மீட்டர், ஆகவே இடப்பெயர்ச்சி. ஒரு ரயில் 10 வினாடியில் 0-இலிருந்து 20 மீ/வி-ஐ எட்டி, 20 வினாடி அதே வேகத்தில் போய், 5 வினாடியில் நின்றால் பரப்பு: முக்கோணம் 100 மீ, செவ்வகம் 400 மீ, முக்கோணம் 50 மீ, மொத்தம் 550 மீ. "படுக்கைக் கோடு என்றால் நிற்கிறது" என்று எழுதுவது தொலைவு–காலம் வரைபடத்தில் சரி, இங்கே தவறு. அச்சில் எந்த அலகு எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகே கோட்டைப் பாருங்கள்.

ஊசலை ஆட்டி ஈர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிப்பது

நூல், சிறு உலோகக் குண்டு, பிளந்த தக்கை, தாங்கி, நிறுத்துக் கடிகாரம் போதும். வீட்டிலேயே செய்யலாம்.

1. குண்டின் விட்டத்தை வெர்னியரால் அளந்து பாதியாக்குங்கள். 2.00 செ.மீ விட்டம் என்றால் ஆரம் 1.00 செ.மீ.
2. ஊசலின் நீளம் என்பது நூல் தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை. நூல் 99.0 செ.மீ, ஆரம் 1.0 செ.மீ, மொத்தம் 1.000 மீ. நூலை முடிச்சுப் போட்ட பிறகு, குண்டு தொங்கும்போது அளக்க வேண்டும். கட்டும்போது நூல் சுருங்கியிருக்கும், தொங்கியதும் இழுபடும்.
3. 10 டிகிரிக்குள் விலக்கி, தள்ளாமல் விடுங்கள். தள்ளினால் குண்டு நீள்வட்டமாகச் சுற்றத் தொடங்கும். அப்படியானால் நிறுத்தி மறுபடி தொடங்குங்கள்.
4. குண்டு நடுப்புள்ளியை ஒரு திசையில் கடக்கும்போது கடிகாரத்தை ஓடவிட்டு "சுழி" என்று எண்ணுங்கள். அதே திசையில் மறுபடி கடக்கும்போது "ஒன்று". இருபதில் நிறுத்துங்கள். ஓரத்தில் குண்டு தயங்கி நிற்பதுபோல் இருப்பதால் அங்கே நேரம் குறிப்பது துல்லியமாக வராது.
5. 20 அலைவுக்கு 40.2 வி வந்தால் அலைவு நேரம் 2.01 வி. ஒரே அலைவை மட்டும் அளந்தால் விரல் தாமதம் 0.2 வினாடி முழுதாக விடையில் விழும். இருபதை அளந்தால் ஓர் அலைவுக்கு 0.01 வினாடியாகக் கரைந்துவிடும்.
6. ஈர்ப்பு முடுக்கம் = 4 × பை² × நீளம் ÷ அலைவு நேரம்² = 39.48 × 1.000 மீ ÷ 4.04 வி² = 9.77 மீ/வி².

ஈர்ப்பு முடுக்கம் எல்லா இடத்திலும் 9.8 அல்ல. நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83, சென்னையில் சுமார் 9.78. ஆகவே 9.77 அருமையான விடை. 10.8 வந்தால்? எண்ணத் தொடங்கும்போதே "ஒன்று" என்று சொல்லியிருப்பீர்கள். 19 அலைவுக்கான 38.2 வினாடியை 20-ஆல் வகுத்தால் 1.91 வி, அது 10.8 தருகிறது. 9.67 வந்தால் ஆரத்தைச் சேர்க்காமல் நூலின் நீளத்தை மட்டும் போட்டிருப்பீர்கள்.

நேரம் இருந்தால் 60, 70, 80, 90, 100 செ.மீ என்று ஐந்து நீளங்களுக்குச் செய்து, படுக்கை அச்சில் நீளத்தையும் செங்குத்து அச்சில் அலைவு நேரத்தின் வர்க்கத்தையும் குறியுங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் விழும், சாய்வு சுமார் 4.04 வி²/மீ. 39.48-ஐ அந்தச் சாய்வால் வகுத்தால் மீ/வி² வருகிறது. கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாமல் செங்குத்து அச்சை 0.04 வி² அளவில் வெட்டினால், ஆரம் விடுபட்டிருக்கிறது. அப்போதும் சாய்வு மாறாது, ஈர்ப்பு முடுக்கம் சரியாகவே கிடைக்கும்.